மூன்று வயதில் குணம் தெரியுமா? மரியா மாண்டிசோரி அம்மையார்

ஒவ்வோர் ஆண்டும் தவக்காலம் நெருங்கும்போது பங்கு இல்லங்களுக்கு ஒரு கூட்டம் வரத் தொடங்கும். பாவசங்கீர்த்தனத்திற்கு அல்ல, எல்.கே.ஜி. சிபாரிசுக் கடிதத்திற்கு! பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் இது வழக்கமாகிவிட்டது. தாயின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தை நிற்கும். நாம் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதன் குணத்தைப் பெற்றோர் சொல்லிவிடுவார்கள். மூத்தவன் சாது, இவன் முரடு. இவள் வாயாடி, அவள் தொட்டாற்சிணுங்கி. இவன் அப்படியே தாத்தா மாதிரி, கோபம் மூக்கின் மேல் இருக்கும். குழந்தை இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே நிற்கும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் நம்பிக்கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது அதைவிட உறுதியான நம்பிக்கை. ஆனால் முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்வதற்கு எப்படிப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்ட ஒரு கத்தோலிக்கப் பெண்மணி, நம் பகுதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள அடையாற்றில் தம் முதுமையின் சில ஆண்டுகளைக் கழித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயரைத் தாங்கிய பலகைகளை மட்டும் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த மனிதரைச் சற்று அறிந்துகொள்வோம்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் அன்கோனா நகருக்கு அருகே கியாரவால்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நன்கு படித்தவர், மகளின் விருப்பங்களுக்குத் துணை நின்றவர். குடும்பம் உரோமைக்குக் குடிபெயர்ந்தது. பெண் பிள்ளைகள் ஆசிரியைப் பணிக்கு மேல் நினைக்காத காலத்தில், மரியா முதலில் பொறியியலும் பிறகு மருத்துவமும் படிக்க ஆசைப்பட்டார். ஆசிரியை ஆக மட்டும் மாட்டேன் என்று அந்த நாளில் அவர் பிடிவாதமாக இருந்தாராம். கடவுளுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் உரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளைப் பெரியவர்களுக்கான மனநோய் இல்லங்களிலேயே அடைத்து வைத்திருந்த காலம் அது. அத்தகைய ஓர் அறையில் குழந்தைகள் உணவு முடிந்ததும் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதை அவர் பார்த்ததாகச் சொல்வார்கள். காவல் பார்த்த பெண்ணுக்கு அது பெருந்தீனியாகத் தெரிந்தது. மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுக்க, தொட, உருட்ட அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. குழந்தைகள் துணுக்குகளைத் தின்பதற்காகப் பொறுக்கவில்லை, விரல்களுக்கு வேலை தேடினார்கள். ஒரே செயலை இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் குழந்தையின் குணத்தைப் பார்த்தார், மற்றவர் அறையின் வெறுமையைப் பார்த்தார். அவருடைய பிற்காலப் போதனை பெரும்பாலும் இந்த ஒரு பார்வையிலிருந்து பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இட்டார், செகுவின் என்னும் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்து, அத்தகைய குழந்தைகளுக்குக் கைகளால் கற்கும் பொருள்களைச் செய்தார். 1900இல் அவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளியை மருத்துவர் மொந்தேசானோவுடன் சேர்ந்து நடத்தினார். அங்கே படித்த சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. அவரோ வேறு விதமாக யோசித்தார். இவர்களே இவ்வளவு தூரம் வர முடியுமென்றால், நலமான பிள்ளைகளை நம் பள்ளிகளில் எது இவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கிறது?

இந்த இடத்தில் அவர் வாழ்வின் ஒரு வேதனையைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. மொந்தேசானோவுக்கும் அவருக்கும் 1898இல் ஒரு மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. குழந்தை மாரியோ நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்கப்பட்டான். தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார், தாம் யாரென்று சொல்லாமலே. தம் தாய் இறந்தபின், மாரியோவுக்குப் பதினைந்து வயதாகும் பொழுதில்தான் அவனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் உலகத்திற்கு அவன் உறவினர் பிள்ளை, வளர்ப்பு மகன். உலகின் குழந்தைகளை உற்றுப் பார்த்த கண்கள் தம் சொந்தக் குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளைத் தூரத்திலிருந்துதான் பார்த்தன. தீர்ப்பிடுவது நம் வேலை அல்ல. அந்தக் காலத்து உரோமையில் மணமாகாத தாய்க்கு இருந்த வழிகள் எவ்வளவு குறுகியவை என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

அந்த நாளில் குணத்தை அளப்பது என்றால் உடலை அளப்பது. அம்மையாரும் அந்தப் பள்ளியில் பயின்றவர்தான். மானிடவியல் பேராசிரியர் செர்ஜியின் வழியைப் பின்பற்றி, குழந்தைகளின் தலைச் சுற்றளவு, உயரம், எடை, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் ஒரு வரலாற்று அட்டையில் பதியும் முறையைப் பல்கலைக்கழகத்தில் போதித்தார். 1910இல் அவ்விரிவுரைகள் பெரிய நூலாகவும் வெளிவந்தன. தலையை அளந்து மனத்தைச் சொல்லிவிடலாம் என்று படித்தவர்கள் நம்பிய காலம் அது. நாம் மட்டும் என்ன? குருமடத்தில் நமக்கும் கிரேக்க மருத்துவர்கள் வகுத்த நான்கு குண வகைகளைக் கற்றுத் தந்தார்கள். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்களை வைத்து மனிதர்களைப் பிரிக்கும் கணக்கு அது. உடன் படித்தவர்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று பார்த்துக்கொண்டே ஓராண்டு ஓடியது! சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபமும் வீட்டுத் திண்ணையில் இதே வேலையைச் செய்கிறது. அம்மையாரின் சிறப்பு என்னவென்றால், அளவுகோலைக் கையில் வைத்திருந்தவரே அது போதாது என்று கண்டுகொண்டார். உயரத்தையும் எடையையும் மருத்துவர் என்ற முறையில் தொடர்ந்து குறித்தார். குணத்தை அறிய வேறு வழி தேடினார்.

அந்த வழி 1907ஆம் ஆண்டு சனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா அன்று திறந்தது. உரோமையின் சான் லொரென்சோ பகுதி அன்று ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பு. ஒரு வீட்டு நிறுவனம் அங்கே அடுக்குமாடிகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டிருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பள்ளி வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கினார்கள். சுவரைக் காப்பாற்றத்தான் அந்த நிறுவனம் ஓர் அறையை ஒதுக்கி அம்மையாரை அழைத்தது. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள், அழுக்கும் அச்சமுமாக வந்து சேர்ந்தார்கள். பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். இதுதான் முதல் ‘குழந்தைகள் இல்லம்’.

அங்கே நடந்தவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறோம். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் அந்தந்த அளவுள்ள உருளைகளைப் பொருத்தும் வேலையில் இருந்தாள். முடித்தாள், கலைத்தாள், மீண்டும் தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாட வைத்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசை மேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, யாரும் சொல்லாமலே நிறுத்தி, தூங்கி எழுந்தவள் போல மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். அந்த வயதுப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்று எல்லா நூல்களும் எழுதியிருந்தன. நூல்களை எழுதியவர்கள், கவனம் செலுத்தத் தகுந்த ஒன்றைக் கொடுத்துப் பார்க்கவில்லை.

மற்றொன்று அலமாரி நிகழ்ச்சி. பொருள்கள் எல்லாம் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட்டார், மறுநாள் தாமதமாகவும் வந்தார். பிள்ளைகள் அலமாரியைத் திறந்து, ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆசிரியைக்கு அது திருட்டுப் புத்தியாகப்பட்டது, கண்டிக்க வேண்டும் என்றார். அம்மையார் பிள்ளைகள் எதை எதை எடுத்தார்கள், எடுத்ததை என்ன செய்தார்கள் என்று பார்த்தார். எல்லாரும் எல்லாவற்றையும் அள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருந்தது. அதன்பின் பூட்டு போயிற்று. பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த திறந்த அலமாரிகள் வந்தன. இன்று உலகெங்கும் பாலர் பள்ளிகளில் காணும் அந்தத் தாழ்ந்த அலமாரி, திருட்டு என்று எழுதப்பட இருந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து பிறந்தது.

இதிலிருந்து அவர் ஒரு பழக்கத்தை உருவாக்கினார். குழந்தை எப்படிப்பட்டது என்று எழுதாதே, என்ன செய்தது என்று எழுது. ஆசிரியை ஒரு தாளின் நடுவே கோடு போடுவார், அது ஓய்வுக் கோடு. குழந்தை வேலையில் ஆழ்ந்தால் கோடு மேலே ஏறும், தொந்தரவு செய்தால் கீழே இறங்கும். காலை முதல் நேரத்தோடு சேர்த்து வரைந்துகொண்டே போவார். அப்படி வரைந்தபோது ஒன்று தெரிந்தது. பல பிள்ளைகள் முதலில் ஏதேனும் எளிய வேலையை எடுப்பார்கள். சுமார் பத்து மணிக்கு அறை முழுவதும் சலசலக்கும், களைத்துவிட்டார்கள் என்று தோன்றும். அனுபவமில்லாத ஆசிரியை அந்த நேரத்தில் மணியடித்து எல்லாரையும் வெளியே விடுவார். பொறுத்திருந்தால் சிறிது நேரத்தில் அதே பிள்ளைகள் அன்றைய நாளின் மிகக் கடினமான வேலையை எடுத்து அதில் மூழ்குவார்கள். அது பொய்யான களைப்பு என்றார் அம்மையார். பத்து மணிக்கு மட்டும் வந்து பார்ப்பவர் அடங்காத வகுப்பு என்று எழுதிவிட்டுப் போவார். பதினொரு மணிக்கு வருபவர் வேறு பிள்ளைகளைக் காண்பார். நம் ஊர்ச் சேர்க்கை நேர்காணல்கள் ஐந்து நிமிடம் நடந்தன, இன்றும் சில இடங்களில் வேறு பெயரில் நடக்கின்றன என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் கதவைத்தான் காக்க முடியும். உள்ளே வந்தபின் முதல் வாரத்திலேயே குத்தப்படும் முத்திரையை அது காணாது.

அம்மையார் மேலும் ஒரு படி சென்றார். முரட்டுத்தனம், பொருளுக்குச் சண்டை, ஓயாத ஓட்டம் ஆகியவை ஒருபுறம். எதற்கெடுத்தாலும் அழுகை, பயம், ஒட்டிக்கொள்ளுதல், சோம்பல் ஆகியவை மறுபுறம். வலிமையான பிள்ளைகள் தடையை எதிர்த்து முதல் வகையாகவும், மென்மையான பிள்ளைகள் தடைக்குப் பணிந்து இரண்டாம் வகையாகவும் ஆகிறார்கள் என்றார். பெற்றோர் சில வேளைகளில் குறை என்று நினைக்காமல் பெருமைப்படும் குணங்களும் அவருடைய பட்டியலில் உண்டு. அம்மாவை விட்டு ஒரு நிமிடம் பிரியாத பாசம் அவற்றுள் ஒன்று. குழந்தை தன் கைகளுக்கேற்ற ஒரு வேலையில் ஆழ்ந்து ஒன்றித்தால் இரண்டு வகைக் குறைகளுமே உதிர்ந்துவிடுகின்றன, அடியிலிருந்து அமைதியான, அன்பான இன்னொரு பிள்ளை வெளிவருகிறது என்பது அவருடைய முடிவு.

இந்த இடத்தில் நாம் அவரோடு முழுவதும் உடன்பட முடியாது. அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1956இல், நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் சுமார் 130 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடரத் தொடங்கினார்கள். பசி, உறக்கத்தின் ஒழுங்கு, புதியவரைக் கண்டால் நெருங்குவதா விலகுவதா, மாற்றத்துக்குப் பழகும் வேகம், உணர்ச்சியின் கூர்மை என்று ஒன்பது தன்மைகளைக் கவனித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேர் எளிதில் பழகுபவர்கள், பத்துப் பேர் கடினமானவர்கள், பதினைந்து பேர் மெதுவாகப் பழகுபவர்கள், மீதிப் பேர் எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்கள் என்று கண்டார்கள். அதாவது, பிறக்கும்போதே கொண்டு வருவது ஒன்று உண்டு. புது இடத்தில் ஒரு மணி நேரம் தாயின் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு எந்தத் தடையும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை, அது அதன் இயல்பாகவே இருக்கலாம். எல்லாம் சூழலின் பிழை என்றால், கூச்சமுள்ள பிள்ளையைப் பெற்ற தாய் வீணாகத் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வாள்.

ஆனால் அந்தத் தம்பதியர் கண்டதில் முக்கியமானது வகைகள் அல்ல. கடினமான பிள்ளை பிற்காலத்தில் துன்பப்படுமா இல்லையா என்பதைப் பிள்ளையின் இயல்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. அந்த இயல்புக்கும், வீடும் பள்ளியும் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் உள்ள பொருத்தம் தீர்மானித்தது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், பிள்ளைக்கும் வகுப்பறைக்கும் ஒரு பொருத்தமாவது பார்க்கிறோமா? இதற்கென்று இன்று முறையான கருவிகள் உள்ளன. 1980களில் சண்டிகரில் மனநல மருத்துவத் துறையினர் நம் நாட்டுப் பெற்றோரிடம் கேட்பதற்கேற்ற குண அளவீட்டு வினாநிரலை உருவாக்கினார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான வினாநிரல்கள் பல மொழிகளில் பயன்படுகின்றன. அவற்றை நிரப்பும் தாயும் ஆசிரியையும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒரே விதமாகப் பதில் சொல்வதில்லை என்பது ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் காண்பது. வீட்டில் பேசி ஓயாத பிள்ளை பள்ளியில் வாய் திறக்காது. இதில் எது உண்மைக் குணம் என்று கேட்டால், இரண்டும்தான். அதனால் பயிற்சி பெற்றவர்கள் ஒருவர் சொல்லை மட்டும் நம்புவதில்லை. பல இடங்களில், பல வேளைகளில் நேரிலும் பார்க்கிறார்கள். அம்மையாரின் கோட்டுத் தாள் அங்கே மீண்டும் வந்து நிற்கிறது.

சான் லொரென்சோவுக்குப் பின் அவர் புகழ் உலகமெங்கும் பரவியது. அமெரிக்கா அழைத்தது. பார்சலோனாவில் குழந்தைகளுக்கென்றே சிறிய பீடமும் சிறிய இருக்கைகளுமாக ஒரு சிற்றாலயம் அமைத்து, திருவழிபாட்டையும் கைகளால் கற்கச் செய்தார். 1931இல் இலண்டனில் காந்தியடிகள் அவருடைய பயிற்சிக் கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். முசோலினி முதலில் ஆதரித்தார், பிள்ளைகளைப் படைவீரர்களாக்க அவர் முறை உதவாது என்று தெரிந்ததும் 1934இல் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்தது, நெதர்லாந்துக்குச் சென்றார்.

1939 நவம்பரில், 69 வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். கத்தோலிக்கர் சிலருக்கு அந்த இடம் நெருடியது உண்மை. அம்மையார் யார் அழைத்தாலும் குழந்தைகளுக்காகப் போனார். ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு நாடெங்கிலுமிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் இருவரும் பகை நாட்டவர் ஆனார்கள். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியே போகத் தடை. ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு 70 வயது நிறைந்தது. அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் இருந்தது. உறவினர் பிள்ளை என்றும் வளர்ப்பு மகன் என்றும் சொல்லப்பட்டு வந்தவரை, ஓர் அரசாங்கத் தந்தி வெளிப்படையாக மகன் என்று அழைத்தது. அடையாற்றில் அன்று அந்தத் தாயின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

போர் முடியும் வரை இங்கேயே இருந்தார். வெயில் தாங்காமல் கொடைக்கானலில் தங்கிய நாள்களில் பல நாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு நடத்தினார். 1944இல் கொழும்பில் பயிற்சி அளித்தார். மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். நம் நாட்டுத் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்கும் கிணற்றடிக்கும் போவதைக் கூர்ந்து பார்த்தார். ஐரோப்பாவில் தொட்டிலில் தனியே கிடக்கும் குழந்தைக்குக் கிடைக்காத பேச்சும் முகங்களும் இந்த இடுப்புக் குழந்தைக்குக் கிடைக்கின்றன என்று கண்டார். சுற்றியுள்ளதைப் பிள்ளையின் மனம் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் உள்வாங்குகிறது என்பதை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல், இந்திய விரிவுரைகளிலிருந்து உருவாகி 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது.

அங்கன்வாடியிலும் பாலர் பள்ளியிலும் பணிபுரியும் அருள்சகோதரிகளும் ஆசிரியைகளும், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோட்டுத் தாள் வரைய நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாளுக்கு ஒரு பிள்ளை, பத்து நிமிடம், ஒரு நோட்டில் இரண்டு வரி. அடங்காதவன் என்று அல்ல, மணலில் இருபது நிமிடம் குழி தோண்டினான், பக்கத்துப் பிள்ளை கையை வைத்ததும் தள்ளிவிட்டான் என்று. அடுத்த சுற்றில் வேறொரு நேரத்தில், வேறொரு வேலையில் அதே பிள்ளை. தேதியும் நேரமும் எழுதிவிட்டால், ஆறு மாதத்தில் பெற்றோரிடம் காட்ட நம் கையில் ஒரு முத்திரை இருக்காது, ஒரு பிள்ளை இருக்கும். அந்த நோட்டில் பேச்சோ பார்வையோ விளையாட்டோ தொடர்ந்து தயங்குவது தெரிந்தால், இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்பவும் அதே நோட்டு உதவும்.

1946இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார் மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து, 1949 வரை இங்கும் பாகிஸ்தானிலும் பயிற்சிகள் நடத்தினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில், ஆப்பிரிக்காவுக்குப் பயிற்சி அளிக்கப் போகலாமா என்று 81 வயதில் பேசிக்கொண்டிருந்த அன்றே இறந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பணி முழுவதும் மாரியோவிடம் வந்தது. உயிலில் அவரைத் தம் மகன் என்றே எழுதியிருந்தார்.